புனிதாவுக்கு ஒரு மோல்டு வேண்டும்

மலேசியாவில், கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானில் வளர்ந்த இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொன்று சொல்வார்கள். மாப்பிள்ளை, கார், டெரஸ் வீடு, அதுவும் இல்லாவிட்டால் சாப்பிடும்போதாவது போனைக் கீழே வைக்கிற புத்தி. புனிதாவுக்கு இவற்றில் எதன்மேலும் வெறுப்பு இல்லை. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு மோல்டு.

மோல்டு என்றால் எஃகில் குடைந்த அச்சு. உருக்கிய பிளாஸ்டிக்கை அதற்குள் அழுத்தினால் வாளியோ கூடையோ வந்து விழும். ஒரு தடவை செய்துவிட்டால் லட்சம் வாளி போடலாம். அதனால்தான் அதைச் செய்ய எந்த முதலாளியும் லேசில் கையெழுத்துப் போடமாட்டார். மோல்டு வராதவரை எந்தப் பொருளும் வெறும் படம்.

புனிதா பெட்டாலிங் ஜெயாவில், வீட்டுச் சாமான்கள் செய்யும் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வடிவமைப்பாளர். அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் ஈரம் தங்காத சோப்புப் பெட்டி வரைந்தாள், ஒரு கையால் திறக்கும் மாவு டப்பா வரைந்தாள், பூனை கவிழ்க்க முடியாத தட்டு ஒன்றும் வரைந்தாள். எல்லாம் கணினித் திரையில் நாலு பக்கமும் சுழன்று அழகு காட்டின. கையை நீட்டித் தொட்டால் கண்ணாடிதான் தட்டுப்பட்டது. "எங்க மகள் டிசைன் பண்றா" என்று அவள் அம்மா சீதாலெட்சுமி கோயிலில் சொல்ல, "எதை?" என்று யாரோ ஒரு புண்ணியவதி கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அம்மா வேறு கோயிலுக்குப் போகிறார்.

இந்த ஆண்டு கம்பெனி ஒரே ஒரு புது மோல்டு போடும் என்று முதலாளி மிஸ்டர் இயோ அறிவித்தார். போட்டியில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று பக்கத்து மேசை தனேஷ் வரைந்த, மடித்து வைக்கக்கூடிய குப்பைத்தொட்டி. மற்றது புனிதாவின் இலைப்பெட்டி. தனேஷ் நல்லவன். காலையில் அவளுக்கும் சேர்த்துத்தான் தே ஓ என்கிற பாலில்லாத தேநீர் வாங்கி வருவான். அவனை வெறுத்துக்கொண்டு வேலை பார்க்கும் வசதிகூட அவளுக்கு இல்லை.

இலைப்பெட்டி யோசனை பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தது. ஒரு மதியம் சாப்பிடப் போனவள், கடைக்குப் பின்சந்தில் ஒரு வேன்காரர் வாழையிலைக் கட்டுகளை இறக்குவதைப் பார்த்தாள். கட்டுக்குக் கட்டு ஓர இலைகள் கிழிந்திருந்தன. கடைக்காரர் கிழிந்ததையெல்லாம் உருவி வேன் மேலேயே போட்டார். வேன்காரர் போட்டவரையும், இலையையும், கிள்ளானிலிருந்து வரும் சாலைக் குழிகளையும் வரிசையாக வாழ்த்தினார். புனிதா சோற்றை மறந்து நின்றாள். இலையை மடங்காமல் கிழியாமல் கொண்டுவர ஒரு பெட்டி இருந்தால்?

மிஸ்டர் இயோ படத்தைப் பார்த்தார்.

"நீ இலை வெட்டியிருக்கியா?"

"சாப்பிட்டிருக்கேன், பாஸ்."

"நானும்தான் சாப்பிட்டிருக்கேன். நான் டிசைனரா?"

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. எந்தச் சாமானை வரைகிறாயோ அந்தச் சாமான் புழங்கும் இடத்தில் போய்க் கொஞ்ச நாள் உழைக்க வேண்டும். தனேஷைக் குப்பை லோரியின் பின்னால் தொங்கவிட்டதும் இந்தக் கொள்கைதான். அவன் இன்றுவரை இறால் சாப்பிடுவதில்லை. "ஃபார்முக்குப் போ. கையில கத்தி புடி. மாசக் கடைசியில ஒரு இலை வியாபாரி எனக்குப் போன் பண்ணி, இந்தப் பெட்டி எனக்கு வேணும்னு சொல்லட்டும். மோல்டு உனக்கு. இல்லன்னா குப்பைத்தொட்டி."

வீட்டில் சீதாலெட்சுமி கரண்டியோடு திரும்பி நின்றார். "எங்கப்பா தோட்டத்துல பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டுனாரு. நான் பேக்டரிக்குப் போனேன். உன்னை டிகிரி படிக்க வச்சேன். நீ திரும்பி அங்கேயே போறே. என்ன இது, ரிட்டர்ன் டிக்கெட்டா?"

"தோட்டம் இல்லம்மா. ஃபார்ம்."

"கொசு ஒண்ணுதானே?"

அப்பா ரெங்கசாமி துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர். பேச்சைக் குறைத்து நீண்ட நாள் ஆனவர். "பூட்ஸ் வாங்கிக்கோ" என்றார். அத்தோடு குடும்ப ஆலோசனை முடிந்தது.

பண்ணை கிள்ளானிலிருந்து காப்பார் போகும் வழியில், உயர்மின் கம்பிகளுக்குக் கீழே நீளமாகக் கிடந்தது. அங்கே வீடு கட்ட முடியாது, கடை கட்ட முடியாது. வாழை மட்டும் நடலாம் என்பது பண்ணைக்காரி ரமணியின் வாதம். எதிர்வாதம் செய்ய யாரும் இன்னும் வரவில்லை. ரமணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவள், ஒருநாள் மேனேஜரிடம் கத்திவிட்டு வெளியே வந்தாள். வந்த வேகத்தில் வாழை போட்டாள். விவசாயம் யாரிடம் கற்றாள் என்று கேட்டால் யூடியூப் என்பாள். அதில் பாதி வீடியோ தெலுங்கு. "பாஷை எதுக்கு? கையைப் பாத்தா போதும்லா."

புனிதா வெள்ளைச் சட்டையோடும் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்தோடும் வந்து இறங்கினாள். பூட்ஸ் காரில் இருந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாளாம். சுற்றிப் பார்ப்பதற்குள் ஒரு தண்டிலிருந்து பால் சொட்டியது. சொட்டும்போது தண்ணீர் மாதிரிதான் இருந்தது. சாயங்காலம் பழுப்பானது. துவைத்தபின் கறுப்பானது. கொடியில் காய்ந்த சட்டையைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆன்டி கேட்டதற்கு, "கம்பெனி கோர்ஸுக்கு அனுப்பியிருக்கு. லேப்ல கெமிக்கல் கொட்டிருச்சு" என்றார் சீதாலெட்சுமி.

வேலை என்னவென்றால், நீளக் கழியில் கட்டிய அரிவாளால் இலையைச் சரியான இடத்தில் இழுக்க வேண்டும். குருத்தைத் தொடக்கூடாது. விழும் இலை தரையைத் தொடுவதற்குள் இன்னொரு கையால் பிடிக்க வேண்டும். தண்டை நறுக்கி, நடு நரம்போடு மடித்து, அடுக்கி, ராஃபியா கயிற்றால் கட்ட வேண்டும். கேட்க எளிது. முதல் நாள் புனிதா வெட்டிய இலைகளில் பாதி அவள் தலையில் விழுந்தன. ஒன்று ரமணியின் தலையில்.

ஆனால் ரமணியைக் களைப்பாக்கியது அது அல்ல. கேள்விகள்.

"அக்கா, ஏன் இடது கையால புடிக்கிறீங்க? கயிறு ஏன் ரெண்டு சுத்து? கட்டைத் தோள்ல வைக்கிறப்போ எங்க வலிக்கும்? இலைக்கு வேர்க்குமா?"

"ஏம்மா, நீ வேலை கத்துக்க வந்தியா, போலீஸ்ல இருந்து வந்தியா?"

கடைசியில் ரமணி ஒரு சட்டம் போட்டாள். ஒரு கேள்விக்கு ஒரு கட்டு. கட்டு கட்டி முடித்தால் ஒன்று கேட்கலாம். பண்ணை நடத்துபவருக்கு இதைவிட லாபமான சட்டம் கிடையாது. அந்த வாரத்திலிருந்து புனிதா ஆள் மாறிப்போனாள். கேட்க வேண்டியது தொண்டையில் நிற்க, வாழைக்கு வாழை ஓடினாள். சம்பளம் இல்லாமல் இப்படி உழைக்கும் ஒருத்தியை அந்தக் கம்பிகள் பார்த்ததில்லை. ஆனால் அவள் கேட்டதில் முக்கால்வாசிக்கு ரமணியிடம் பதில் இல்லை. "தெரியலை" என்பாள். அல்லது, "அது அப்படித்தான்." புனிதாவுக்கு அதுவும் பிடித்தது. யாருக்கும் தெரியாது என்றால் தானே பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? மடித்த இலைக்கும் விரித்த இலைக்கும் நடுவே கையை விட்டுச் சூடு பார்ப்பாள். வெட்டிய இலையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ரமணி ஒருமுறை அதைப் படம் எடுத்து, 'டிகிரி படிச்சா இப்படித்தான்' என்று எழுதிக் குடும்ப வாட்ஸப்பில் போட்டாள்.

பண்ணையின் இலையை வாங்கிப் போகிறவர் ஹாசிம். பிரிக்ஃபீல்ட்ஸ் பின்சந்தில் வாழ்த்துப் பாடிய அதே வேன்காரர். இலையோடு அப்பளப் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு கிள்ளான், பெட்டாலிங் ஜெயா கடைகளுக்கெல்லாம் போட்டுவிட்டு, மதியம் நெருங்கும்போது பிரிக்ஃபீல்ட்ஸ் சேருவார். மிஸ்டர் இயோவுக்குப் போன் பண்ண வேண்டிய வியாபாரி அவர்தான். இது ஹாசிமுக்கும் தெரியும். தெரிந்ததிலிருந்து அவர் நடையில் ஒரு நீதிபதிக் களை வந்திருந்தது.

கம்பெனிப் பட்டறையில் பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி, சூடாக்கி ஒட்டி, முதல் மாதிரிப் பெட்டிகளைப் புனிதா கொண்டுவந்தாள். நீளம், வெள்ளை, மூடியோடு.

ரமணி பார்த்தாள். "யாரும்மா போயிட்டாங்க?"

"இலைப்பெட்டிக்கா!"

"நான் மாலை வாங்கணும்னு நெனைச்சேன்."

முதல் மாதிரி எல்லாப் பக்கமும் அடைத்தது. தூசி போகாது, தண்ணீர் ஒழுகாது. பிரிக்ஃபீல்ட்ஸில் மூடியைத் திறந்தபோது வெந்த கீரை வாசம் வந்தது. இலைக்கு வேர்க்குமா என்ற கேள்விக்கு இலையே பதில் சொல்லிவிட்டது. மூச்சுவிட்டு, வேர்த்து, தன் சூட்டில் தானே அவிந்து பழுத்திருந்தது. "கூட்டோடு சேர்த்துப் பரிமாறலாம்" என்றார் ஹாசிம்.

அடுத்த மாதிரிக்குப் புனிதா அடியில் வரிசையாகத் துளை போட்டாள். இலை பச்சையாகவே போய்ச் சேர்ந்தது. ஆனால் இலையில் வழிந்த நீரெல்லாம் துளை வழியே கீழே இருந்த அப்பளப் பெட்டிகளில் இறங்கியது. ஹாசிம் ஓர் அப்பளத்தைத் தூக்கிக் காட்டினார். அது கைக்குட்டை போலத் தொங்கியது.

"இதை எண்ணெயில போடவா, இல்ல மூக்கு சிந்தவா? நீயே சொல்லு தங்கச்சி. எனக்கு ஒழுகாத பெட்டி வேணும்."

"ஒழுகாம அடைச்சா இலை அவிஞ்சிடுதுண்ணே."

"அவியவும் கூடாது."

"ரெண்டும் எப்படிண்ணே?"

"நான் டிசைனரா?" என்றார் ஹாசிம். மிஸ்டர் இயோவும் அவரும் சந்தித்துக்கொண்டதே இல்லை. அப்படியும் இந்த ஒற்றுமை.

மாசக் கடைசி வந்துவிட்டது. தனேஷின் குப்பைத்தொட்டி மடிந்து, விரிந்து, மறுபடி மடிந்து, முதலாளியின் அறையில் ஒரு மூலையில் தயாராக நின்றது. புனிதாவிடம் ஒரே ஒரு வாய்ப்பு மிச்சம். கடைசி மாதிரியாக நாலு பெட்டிகள் செய்தாள். அடியை முழுக்க அடைத்தாள். மூடியில் மட்டும் ஜன்னல்கள் வைத்தாள். நீர் அடியிலேயே தேங்கட்டும், சூடு மேலே போகட்டும் என்பது கணக்கு. நிச்சயமில்லாத கணக்கு என்று அவளுக்கே தெரியும். சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே பெட்டிகளை இறக்கினாள்.

ரமணி இடுப்பில் கை வைத்து நின்றாள். "போன ரெண்டு தடவையும் ஏன் ஊத்திக்கிச்சு தெரியுமா?"

"முதல் தடவை காத்து இல்லக்கா. ரெண்டாவது..."

"சூடம் காட்டலை."

"அக்கா!"

"புதுச் சாமான் வந்தா ஒரு சூடம் காட்டாம எப்படி வேலைக்கு எடுப்பாங்க? நீ எந்த ஊர்க்காரி?"

ரமணி இதில் கறாரானவள். புதுத் தண்ணீர் பம்புக்கு எலுமிச்சம்பழம் வெட்டியவள். லோரி வாங்கியபோது நாலு சக்கரத்துக்கும் பழம் நசுக்கியவள். பண்ணையில் திருட்டுக்குப் பயந்து வைத்த கேமராவுக்கும் சந்தனம் இட்டாள். பொட்டை எங்கே வைப்பது என்று யோசித்து, கண் மாதிரி இருந்த இடத்தில் வைத்தாள். அதனால் அந்தக் கேமராவில் மஞ்சள் மேகத்தைத் தவிர எதுவும் தெரிவதில்லை. ஆனால் திருட்டும் நடக்கவில்லை. இதற்கு என்ன சொல்வீர்கள்?

புனிதா சாமியை நம்புவதும் இல்லை, நம்பாமல் இருப்பதும் இல்லை. பரீட்சைக்கு முன்னால் விபூதி வைத்துக்கொள்ளும் வகை. அன்று அவளுக்குப் பரீட்சைதான். "சரிக்கா, சீக்கிரம்" என்றாள்.

சூடத்தட்டு வீட்டில் இருந்தது. கட்டாந்தரையில் காட்டலாமென்றால் முந்தின நாள் மழையில் தரை சேறு. "இதுமேலயே வைக்கலாம்" என்று ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டவள் புனிதாதான். அடிப்பக்கம் மேலே வந்து, மேசை மாதிரி தட்டையாக நின்றது. படம் எடுத்தால் வெள்ளையாக, அழகாக வரும் என்றும் அவளுக்குப் பட்டது. எந்தச் சூட்டில் பிளாஸ்டிக் இளகும், எந்தச் சூட்டில் உருகும் என்று எழுதிப் பட்டம் வாங்கியவள் அந்தப் பண்ணையில் அவள் ஒருத்திதான்.

ரமணி ஒரு துண்டு வாழையிலையைப் போட்டு அதன்மேல் சூடம் வைத்தாள். காற்று அணைத்தது. இன்னும் ரெண்டு வைத்தாள். அதையும் அணைத்தது. ரமணிக்குக் கோபம் வந்து பாக்கெட்டையே கவிழ்த்தாள். இந்த முறை பற்றிக்கொண்டது. இருவரும் கண்ணை மூடினார்கள். ரமணி பண்ணை, பம்பு, லோரி, மின்கம்பி எல்லாவற்றுக்கும் சேர்த்து வேண்டினாள். புனிதா ஒரே வார்த்தைதான் வேண்டினாள்.

முதலில் இலை கருகும் வாசம் வந்தது. பிறகு வந்த வாசம் புனிதாவுக்குப் பழக்கமான ஒன்று. பட்டறை வாசம். கண்ணைத் திறந்தாள்.

சூடம் பெட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தட்டையாக இருந்த அடி, குழைந்து, குழிந்து, புனல்போல் கீழே தொங்கி, நுனியில் பிய்ந்துகொண்டது. ரமணி வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினாள். புஸ்ஸென்று புகை அடங்கியபோது, அடியின் நட்டநடுவில், தேத்தண்ணிக் கிளாஸ் வாய் அளவுக்கு ஓர் ஓட்டை.

 மேலே கம்பிகள் மட்டும் ஙொய்யென்று இரைந்தன.

"சாமி ஏத்துக்கிட்டாரு" என்றாள் ரமணி, குரலை இறக்கி.

"என் பெட்டியை ஏன்க்கா ஏத்துக்கணும்?" புனிதாவுக்கு அழுகை முட்டியது. "நாளைக்குக் காலையில பாஸ் முடிவு பண்றாரு. இனி வேற பெட்டி செய்ய நேரம் ஏது?"

"மூணு நல்லா இருக்கில்ல? அதைக் காட்டு."

அதற்குள் வாசலில் வேன் ஹாரன் அடித்தது. இலைகள் நாலு பெட்டிக்கும் கணக்காக வெட்டி முடிந்திருந்தன. மிச்சத்தை ரோட்டிலா போட முடியும்? ஓட்டைப் பெட்டியிலும் அடுக்கினார்கள். ஹாசிம் நல்ல பெட்டிகள் மூன்றையும் மரியாதையாக ஏற்றினார். நாலாவதைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

"இது என்ன?"

"பூஜை" என்றாள் ரமணி.

ஹாசிம் அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்தவர் சாமி விஷயத்தில் தலையிடமாட்டார். ஆனால் வேனில் இடமில்லை. கடைசியில் அந்தப் பெட்டி உட்கார்ந்த இடம், இடைவெளி விட்டு அடுக்கிய அப்பளப் பெட்டிகளின் உச்சி. "ஒரு சொட்டு விழட்டும்" என்றார். மிச்சத்தைச் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினார்.

புனிதாவும் வேனில் ஏறிக்கொண்டாள். கிள்ளானில் ரெண்டு கடை, பெட்டாலிங் ஜெயாவில் நாலு கடை. எல்லாக் கடையிலும் ஹாசிம் வழக்கமான கட்டு இலைகளை இறக்கினார். பெட்டிகள் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு. கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டிகள் அசையாமல் நின்றன. வெயில் தகரத்தைச் சுட்டது. புனிதா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி அப்பளத்தைப் பார்த்தாள்.

"அது ஓடாதும்மா" என்றார் ஹாசிம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பின்சந்தில் கதவைத் திறந்தார்கள். ஹாசிம் முதலில் அப்பளத்தைத் தொட்டுப் பார்த்தார். உலர்ந்திருந்தது. தட்டிப் பார்த்தார். மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. அவர் முகத்தில் வியப்பைவிட ஏமாற்றம்தான் அதிகம். திட்டுவதற்கு வழியெல்லாம் வாக்கியங்கள் சேர்த்துவைத்திருந்தார்.

பிறகு நல்ல பெட்டிகளைத் திறந்தார். முதல் பெட்டியில் வெந்த கீரை வாசம். முதல்முறை அளவுக்கு இல்லை, ஆனால் ஓரங்கள் பழுத்துத் துவண்டிருந்தன. இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும் அப்படியே. மூடி ஜன்னல்களால் ஒரு பயனும் இல்லை. புனிதா பின்சந்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள். குப்பைத்தொட்டி ஒருமுறை மடிந்து விரிவது அவள் கண்ணில் தெரிந்தது.

"இங்க வா" என்றார் ஹாசிம்.

ஓட்டைப் பெட்டியில் இலைகள் வெட்டினபோது இருந்த மாதிரியே இருந்தன. பச்சை, குளிர்ச்சி. ஒன்றை எடுத்து உதறினார். தண்ணீர் தெறித்தது.

"மூணு பெட்டி அவிஞ்சு போச்சு. இது மட்டும் ஏன் அவியலை? ஓட்டை இருக்குல்ல, அப்ப ஏன் ஒழுகலை?"

புனிதாவுக்கு அழுகை போன இடம் தெரியவில்லை. இலைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பெட்டிக்குள் தலையை விட்டாள். சந்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா, "என்ன பாப்பா, காணாமப் போச்சா ஏதாச்சும்?" என்று கேட்டார். புனிதா தலையை எடுக்காமலே ஒரு குவளைத் தண்ணீர் கேட்டாள். வாங்கி, பெட்டிக்குள் ஊற்றினாள்.

தண்ணீர் அடியில் பரவியது. ஓட்டையை நோக்கி ஓடியது. ஓட்டையின் விளிம்பில் நின்றுவிட்டது.

பெட்டி கவிழ்ந்திருந்தபோது கீழ்நோக்கித் தொங்கிய பிளாஸ்டிக், நிமிர்த்தியபோது மேல்நோக்கிக் குட்டிப் புகைபோக்கியாக எழுந்து நின்றது. தண்ணீர் அதைச் சுற்றிக் குளம் கட்டியது, தாண்டவில்லை. காற்றுக்கு அந்தத் தடை இல்லை. கீழே அந்த வாய் வழியாக நுழைந்து, இலைகளுக்கு நடுவே ஏறி, மூடி ஜன்னல்கள் வழியே வெளியேறியது. மற்ற மூன்று பெட்டிகளில் வெளியேற வழி இருந்தது, நுழைய வழி இல்லை.

"அண்ணே! உங்க கையை அடியில வைங்க. காத்து வருதா பாருங்க."

ஹாசிம் கையை வைத்தார். பாத்திரம் கழுவிய அக்காவும் ஈரக் கையை வைத்தார். "ஆமா, சில்லுன்னு இருக்கு" என்றார் அவர். யாரும் கேட்காமலே சமையற்காரர் ஒருவரும் வந்து கையை வைத்துவிட்டு, விஷயம் என்னவென்று கேட்காமலே உள்ளே போனார்.

மறுநாள் காலை மிஸ்டர் இயோவின் மேசையில் கருகிய ஓட்டையோடு அந்தப் பெட்டி இருந்தது. பக்கத்தில் பளபளவென்று குப்பைத்தொட்டி. தனேஷ் புனிதாவின் காதருகே, "என்ன நடந்துச்சு, சண்டையா?" என்றான்.

புனிதா தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். அடியில் ஊதுவத்தி பிடித்து, புகை மூடி வழியாக வருவதைக் காட்டினாள். முதலாளி குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார்.

"நல்ல யோசனை. எப்படி வந்தது?"

இந்த இடத்தில் ஒரு கெட்டிக்கார டிசைனர் என்ன சொல்ல வேண்டும் என்று, காற்று ஏறும் வழியைப் பற்றி மட்டும் அவள் சொன்னதை வைத்து, தனேஷ் முந்தின இரவே வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். கறையானின் புற்றைப் பார்த்துக் கற்றதாகச் சொல், முதலாளிகளுக்குக் கறையான் பிடிக்கும் என்று எழுதியிருந்தான். நல்லவன் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? புனிதாவுக்குக் கறையான் நாக்கு வரை வந்தது. ஆனால் நாலு வாரமாகக் கண்டதையெல்லாம் கேட்டே பழகிய வாய் அது. பொய் சொன்னால் அடுத்த கேள்விக்கு என்ன சொல்வது என்ற கவலை வந்துவிட்டது. உள்ளதைச் சொன்னாள். பூஜை, கவிழ்த்த பெட்டி, பாக்கெட் சூடம், வாளித் தண்ணீர் எல்லாம்.

 பிளாஸ்டிக் பெட்டிமேல் நெருப்பு வைத்த பிளாஸ்டிக் டிசைனரை மிஸ்டர் இயோ வெகுநேரம் பார்த்தார். அவர் தலைக்குப் பின்னால், சுவரில், சிவப்பு விளக்கு எரியும் சின்னச் சீனச் சாமி மாடத்தில் மூன்று ஆரஞ்சுப் பழங்கள் இருந்தன.

"அப்போ பெட்டி எந்தத் திசையைப் பார்த்து இருந்தது?" என்று கேட்டார்.

"தெரியலை, பாஸ்."

"கேட்டுச் சொல்."

அதற்குள் போன் அடித்தது. மறுமுனையில் ஹாசிம். மலாய் பாதி, ஆங்கிலம் பாதியாக அவர் பேசியது அறைக்கே கேட்டது. அடைத்த பெட்டி மூன்றும் வேண்டாம், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அந்த ஓட்டைப் பெட்டி வேண்டும். ஓட்டை கட்டாயம் வேண்டும். எத்தனை ஓட்டை போட்டாலும் சரி, அப்பளம் நனையக்கூடாது.

மிஸ்டர் இயோ போனை வைத்தார். குப்பைத்தொட்டியை எடுத்து மடித்தார். "நீ அடுத்த வருஷம்" என்று தனேஷிடம் சொன்னார். தனேஷ் பெருமூச்சு விட்டு, புனிதாவின் தோளில் ஒரு குத்து விட்டான். வலிக்கிற மாதிரிதான் விட்டான்.

மோல்டு செய்து முடியச் சில மாதம் ஆனது. முதல் பெட்டிகள் மெஷினிலிருந்து விழுந்த நாளில் புனிதா தொழிற்சாலையிலேயே நின்றாள். இளஞ்சூட்டோடு வந்த ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் கீழே வைக்கவில்லை. பச்சை நிறம், அடியில் வரிசையாகக் குட்டிப் புகைபோக்கிகள், ஓரத்தில் ஈரக் கை வழுக்காத பிடி. அதில் ஒன்றை வீட்டுக்கும் கொண்டுபோனாள். சீதாலெட்சுமி அதை வாசலில், தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும் இடத்தில் வைத்தார். யாரும் எதுவென்று கேட்காதபோது, தானே கூப்பிட்டுச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு வேன் நிறையப் பெட்டிகளோடு புனிதா பண்ணைக்குப் போனாள். ரமணி ஒன்றை எடுத்து எடை பார்த்தாள். குலுக்கினாள். முகர்ந்தாள். பிறகு அதைக் கவிழ்த்து வாழை நிழலில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"அக்கா, அது இலைப்பெட்டிக்கா."

"தெரியும்லா. உட்கார நல்லா இருக்கு. ஸ்டூல் உயரம்." ரமணி ஒரு நெத்திலியை வாயில் போட்டாள். "ஆனா ஓரம் தொடையில குத்துது."

மூன்று ஆண்டுகள் காத்திருந்து பெற்ற ஒன்றின்மேல் ஒருத்தி உட்கார்ந்து சோறு தின்றால் கோபம் வரவேண்டும். புனிதாவுக்கும் அரைக்கணம் வந்தது. பிறகு அவள் மெல்லக் குனிந்தாள். பெட்டியின் பக்கச் சுவர் ரமணியின் எடைக்கு வெளியே பிதுங்குகிறதா என்று பார்த்தாள். பிதுங்கவில்லை. ஓரத்தை விரலால் தடவினாள்.

"எந்த இடத்துலக்கா குத்துது? இங்கயா, இல்ல கொஞ்சம் உள்ள தள்ளியா?"

"நிம்மதியா சாப்பிட விடுறியா?"

"கொஞ்சம் எந்திரிங்க."

"எதுக்கு?"

"நானும் உட்காந்து பாக்குறேன்."

ரமணி முனகிக்கொண்டே பொட்டலத்தோடு எழுந்தாள்.